நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்

எனக்குத் தந்தி அடிக்கத் தெரியும் என்பதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைவீதி, அதன் கோடியில் ஒரு தபால் கந்தோர், அங்கே தந்தி மேசைக்கு நான்தான் ராஜா. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்த ஒருவன் ஐம்பதுகளின் நடுவில் அந்த நாற்காலியில் உட்காருவது லேசான காரியமில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஜனங்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கி வைத்திருந்த காலம் அது. எங்கள் அப்பா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறியாத மனிதர். அந்தக் காகிதங்களின் புண்ணியத்தில் எனக்குப் பதிவு கிடைத்தது, பரீட்சை எழுதினேன், வேலையும் கிடைத்தது. அன்றைக்கு மேலே போன என் மூக்கு வெகுநாள் கீழே இறங்கவில்லை.

மற்றவர்கள் தந்தி அடிப்பது எனக்குப் பொறுக்காது. எங்கள் போஸ்ட் மாஸ்டர் ஒரு சிங்களப் பெரியவர், தங்கமான மனிதர், ஆனால் கை மோசம். புள்ளியை இழுப்பார், கோட்டைக் குறுக்குவார். அவர் அடிக்கும்போது நான் வேண்டுமென்றே எழுந்து வெளியே போய்விடுவேன். சீராக வராத அடி எனக்குச் செய்தியே அல்ல, வெறும் சத்தம். அதை நான் வாய்விட்டே சொல்லுவேன், யாரிடம் சொல்கிறோம் என்ற யோசனை இல்லாமல்.

தந்தி என்பது ரொம்ப எளிமையான சமாச்சாரம். தந்திக் கட்டையை அழுத்தினால் கம்பியில் மின்சாரம் போகும், விட்டால் நிற்கும். போவதும் நிற்பதும்தான் மொத்தப் பாஷையும். கொஞ்ச நேரம் போனால் புள்ளி, கூடுதல் நேரம் போனால் கோடு. இதை ஒற்றை மின்னோட்டம் என்பார்கள். இதில் ஒரு குறை உண்டு. மின்சாரம் வராமல் இருந்தால் அந்தப் பக்கத்துக்காரன் சும்மா இருக்கிறானா, மழையில் எங்கோ கம்பி அறுந்து கிடக்கிறதா என்று தெரியாது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நீண்ட தூரத்துக் கம்பிகளில் இரட்டை மின்னோட்டம் வைப்பார்கள். ஒரு திசையில் போனால் குறி, எதிர்த் திசையில் போனால் இடைவெளி. எப்போதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் கணமே கோளாறு என்று தெரிந்துவிடும். பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. நான் அந்தப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியவன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது ஒரு தங்கை மட்டும். கல்யாணம் நான்தான் செய்துவைத்தேன். மாப்பிள்ளைக்கு எதிர் மலைத் தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரியில் வேலை. சாது, நல்ல உழைப்பாளி. அவர்களுடைய லயம் மலையின் உச்சியில், எங்கள் கந்தோரின் பின் ஜன்னலுக்கு நேரே. பார்க்கப் பக்கம்தான். ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஒரு மணி நேரம், காரில் சுற்றிப் போனால் அரை மணி.

கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த சாமான்களில் சிவப்புச் சட்டம் போட்ட ஒரு கைக்கண்ணாடி இருந்தது. ஞாயிறு முறைக்கு நான் கந்தோரில் இருந்த ஒரு காலை, அவள் இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து தலை வாரியபோது கண்ணாடியின் வெளிச்சம் என் ஜன்னலில் வந்து விழுந்தது. அடுத்த தடவை மேலே போனபோது அதைச் சொன்னேன். கண்ணாடியைக் கையால் மூடி மூடித் திறந்தால் அதுவும் தந்திதான் என்றும் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி.

"எனக்கும் சொல்லிக் குடுங்க அண்ணே. நான் மட்டும் என்ன மக்கா?"

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதனால் நாங்களே பத்துப் பன்னிரண்டு குறிகள் வைத்துக்கொண்டோம். இரண்டு குட்டை என்றால் சுகம். ஒரு நீளம் என்றால் சுகமில்லை. மழை வரும் என்பதற்கு ஒன்று, மாமியார் முறைக்கிறாள் என்பதற்கு ஒன்று. இந்தக் கடைசிக் குறி வாராவாரம் தவறாமல் வரும். என் வாழ்நாளில் எத்தனையோ கைகளைக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிய என் தங்கையின் கை அளவுக்குச் சுத்தமான கையைப் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பாசத்தில் அல்ல.

முதல் பிரசவம் அவளுக்குத் தவறிப்போனது. இரண்டு நாள் வலி, பிள்ளை தங்கவில்லை. அடுத்த தடவை வலி எடுத்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும், லயத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தாய் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கத் தோட்டத்து டிஸ்பென்சர் ஒருவர்தான், அவர் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் நடக்க வேண்டும். என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. நான் இரண்டு பிரமச்சாரிகளோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். கடைவீதியில் ஒரு வாடகைக் கார் இருந்தது. ஆகவே அவள் மறுபடி உண்டானபோது ஏற்பாடு இதுதான்: வலி எடுத்தால் கண்ணாடி காட்டுவாள், நான் காரோடு மேலே போவேன்.

எட்டாம் மாதம் வேலையை நிறுத்திவிட்டு அவள் வீட்டிலிருந்தாள். தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னலுக்குப் போவேன். இரண்டு குட்டை வரும். சுகம். மூடுபனி மறைத்து ஒன்றும் வராவிட்டால் மாலையில் மலை ஏறிவிடுவேன். ஒருமுறை அப்படி மூச்சிரைக்கப் போய் நின்றால் அவள் பலாக்கொட்டை சுட்டுக்கொண்டிருக்கிறாள். "இம்புட்டு பயமா அண்ணே?" என்று சிரித்தாள். பயம்தான்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் மாப்பிள்ளை கந்தோருக்கே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மச்சான், கோவிச்சுக்கப்படாது. லயத்துல ஒரு மாதிரி பேசுறாங்க. ஒம் பொஞ்சாதி தெனமும் கடைவீதிப் பக்கம் கண்ணாடி காட்டுறாளே, யாருக்குன்னு கேக்குறாங்க. நீங்கதான்னு சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க. ஃபாக்டரியில எல்லாரும் கேலி பண்றாங்க."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. அந்த நாக்குகளை அறுக்க வேண்டும் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். பிறகு நான்தான் ஒரு வழி சொன்னேன். கொதித்துப்போயிருந்தபோது, ஏதோ பெரிய சலுகை கொடுப்பவனைப்போல, சொன்னேன்.

"சரி மாப்ளே. தெனமும் வேணாம். வலி எடுத்தா மட்டும் காட்டச் சொல்லுங்க. மூணு நீளம், கொஞ்சம் விட்டு மறுபடி மூணு நீளம். மத்த நாள்ல ஒண்ணும் வேணாம். ஒண்ணும் வரலைன்னா தங்கச்சி நல்லா இருக்குன்னு நான் எடுத்துக்கறேன்."

அவர் நிம்மதியாகப் போனார். நான் செய்தது என்ன என்று எந்தத் தந்திக்காரனுக்கும் விளங்கும். இரட்டையை எடுத்துவிட்டு ஒற்றையை வைத்தேன். கம்பி அறுந்தாலும் சுகம் என்று படிக்கிற ஏற்பாட்டை என் தங்கையின் உயிருக்கு வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லயத்துக்குக் கொஞ்சம் கீழே பீலி இருந்தது, என் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இடம்போலத்தான். தண்ணீர் விழும் இடம். வெயில் அடிக்கிற காலைகளில் அங்கே பெண்கள் பாத்திரம் தேய்ப்பார்கள். அண்டா, தகரம், மூடி எல்லாம் பளிச் பளிச்சென்று மின்னும். ஆரம்பத்தில் அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாளடைவில் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஒழுங்காக வருவது தங்கை, ஒழுங்கில்லாமல் வருவது பீலி. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. மாசி மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. தோட்டத்துத் தபால்காரர் காலையில் பையோடு வரும்போது, "தங்கச்சி எப்படி?" என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லலியே தம்பி, நல்லாத்தான் இருக்கும்" என்பார். அவருக்கும் அதே ஏற்பாடுதான்.

அந்த வாரத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபாக்டரியில் எவனோ மறுபடி ஏதோ சொல்லியிருக்கிறான். மாப்பிள்ளை ஒரு நாளும் இல்லாத திருநாளாகக் குடித்துவிட்டு வந்து, கண்ணாடியை எடுத்து இஸ்தோப்புக் கல்லில் அடித்திருக்கிறார். விடிந்ததும் அவர் அழுதாராம். புதிது வாங்கித் தருகிறேன், அண்ணனிடம் சொல்லாதே என்றாராம். அவள் சொல்லவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

எட்டாம் நாள் பத்து மணி தாண்டியிருக்கும். ஜன்னலில் நின்றேன். மலையுச்சியிலிருந்து வெளிச்சம் வந்தது. ஐந்தாறு தடவை படபடவென்று, ஓர் இடைவெளி, பிறகு நீண்டு, நடுவில் அணைந்து, மறுபடி படபடவென்று. நான் பார்த்தேன். தெளிவாக, இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒரு நொடி படிக்கவும் முயன்றேன். நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. கையெழுத்தே இல்லாத கிறுக்கல். திரும்பிப் போஸ்ட் மாஸ்டரிடம் சிங்களத்தில், இன்றைக்கு யாரோ அண்டாவை ஆவேசமாகத் தேய்க்கிறார்கள், உங்கள் தந்தியைவிட மோசம் என்றேன். பெரியவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மேசைக்குப் போனேன். எழுந்து மறுபடி பார்த்தபோதும் அது மின்னிக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் இருந்திருக்கும். பிறகு நின்றுவிட்டது.

மாலை நாலு மணிக்குத் தபால்காரர் வந்தார். அந்த நேரத்தில் அவர் வருவதில்லை. ஒரு தந்திப் படிவத்தைக் கவுண்டர் கம்பிக்குள் நீட்டினார். தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் கையெழுத்து. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்திலிருக்கும் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு. உன் தம்பி மனைவி பிரசவத்தில் இறந்தாள், உடனே வா. இவ்வளவுதான். கட்டணத்துக்குச் சொற்களை எண்ண வேண்டும், எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

போஸ்ட் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, நீ போ, நான் அனுப்புகிறேன் என்றார். நான் விடவில்லை. அதைத் தைரியம் என்று சிலர் பிற்பாடு புகழ்ந்தார்கள். தைரியமெல்லாம் இல்லை. அவருடைய கை என் தங்கையைக் கிறுக்கிவிடும் என்று எனக்குப் பட்டது. நானே அடித்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. அப்படி ஒரு மிருகமாக இருந்திருக்கிறேன்.

மேலே போனபோது அவளைக் குளிப்பாட்டி இஸ்தோப்பில் கிடத்தியிருந்தார்கள். பிள்ளை பிழைத்திருந்தது, பெண். மாமியார்க்காரி என்னைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள்.

"விடிய வலி எடுத்துச்சு தம்பி. இவன் அதுக்கு முந்தியே ஃபாக்டரிக்குப் போய்ட்டான். இருந்த ஒரு ஆம்பளைய டிஸ்பென்சர் ஐயாவைத் தேடி அனுப்பிட்டோம். ரத்தமா போவுது. கண்ணாடி இல்லியே, தகர மூடிய எடுத்துக்கிட்டு வந்து இங்கனயே உக்காந்து ஆட்டுனா. கை நடுங்குது, மூடி நழுவுது. அவள நான் புடிச்சுக்கிட்டேன். ஒரு பொடியன ஒங்ககிட்ட ஓடவிடுறேன்னு சொன்னேன் தம்பி. வேணாங்கறா. 'அண்ணன் ஜன்னல்ல நிக்கிறாங்க, பாத்துட்டாங்க, கார் வந்துரும்'னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க பாக்கலியா தம்பி?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கலை" என்றேன். "கந்தோர்ல கூட்டம்."

அப்போதுதான் மாப்பிள்ளை தூணில் தலையை மோதிக்கொண்டு அலறினார். கண்ணாடியை உடைத்ததை அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன் என்று அவர் கத்தியபோது நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடிக்கவில்லை. என் உடம்பில் ஏதோ ஒரு மூலையில், சீ, சொல்லவே கூசுகிறது, ஓர் ஆறுதல் உண்டானது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்ற ஆறுதல்.

உண்மை தெரிந்தவர் போஸ்ட் மாஸ்டர் ஒருவர். அவர் அந்த விஷயத்தைக் கடைசிவரை எடுக்கவில்லை. மாற்றலாகிப் போன அன்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சில வருஷங்களுக்குப் பிறகு தட்டச்சுத் தந்தி இயந்திரங்கள் வரப்போவதாகச் சொல்லி என்னைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாத்தியார் ஓர் இளைஞர், சுண்ணாம்புக் கட்டியால் அலை அலையாகப் போட்டு விளக்கினார். ஒரே அலையில் செய்தியை ஏற்ற மூன்று வழி உண்டாம். அலையை விட்டு விட்டு அனுப்பலாம், பழைய தந்தியைப்போல. அல்லது அலை நிற்காமலே சுருதியை மாற்றலாம், குறிக்கு ஒரு சுருதி, இடைவெளிக்கு இன்னொன்று. அல்லது சுருதியையும் தொடாமல் அலையை அப்படியே தலைகீழாகப் புரட்டலாம். எங்கள் தோட்டத்துத் தப்புப் பறை அடிப்பதை வைத்து நான் விளங்கிக்கொண்டேன். அடிப்பது, அடிக்காமல் விடுவது ஒரு வகை. இரண்டு தப்பை மாற்றி மாற்றி அடிப்பது ஒரு வகை. ஒரே தப்பில் தாளத்தைத் திடீரென்று எதிரடியாகத் திருப்புவது மூன்றாவது.

புதிய இயந்திரம் இரண்டாவது வகை. இரண்டு சுருதியில் ஒன்றாவது எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் நின்றால் மணி அடிக்கும், ஆள் ஓடுவான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் ஒன்று சொன்னார். கம்பியில் வருவது செய்தியா, வெறும் இரைச்சலா என்று வாங்கும் இயந்திரத்துக்குத் தெரியாது, அது ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு முடிவு செய்கிறது, கோட்டை எங்கே போட்டாலும் என்றைக்காவது ஒரு செய்தியை இரைச்சல் என்று தள்ளத்தான் செய்யும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதைக் குறிப்பெழுதினார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மாப்பிள்ளை மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடியைத் தொடவில்லை. ஃபாக்டரி வேலை முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார். மாதம் ஒருமுறை அவளை என்னிடம் கூட்டிவருவார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிள்ளை, "மாமா" என்று ஓடிவந்து மடியில் ஏறும். உண்மையைச் சொன்னால் அப்புறம் இவளை என் கண்ணில் காட்டுவாரா என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வேன்.

அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் எப்போதோ தள்ளுபடியாகியிருந்தது. பிள்ளைக்கு ஏழு வயதானபோது இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த இஸ்தோப்புல உக்கார முடியல மச்சான். எத்தன வருசத்துக்குத்தான் அந்தக் கல்லயே பாத்துக்கிட்டு இருக்குறது?"

ஹட்டன் ஸ்டேஷனில் அன்று கூட்டம் நெரிந்தது. போகிறவர்கள் கொஞ்சம், கட்டிப்பிடித்து அழுகிறவர்கள் அதிகம். ரயில், எங்கள் பாஷையில் கோச்சி, வந்து நின்றது. பெட்டியை நான் ஏற்றினேன், பிள்ளையைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"மச்சான், இனிமே நாம பாத்துக்குவோமோ என்னமோ. ஒங்க தங்கச்சிய நான்தான் கொன்னேன். எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். ஒரு வார்த்த, மன்னிச்சேன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா போயிருவேன்."

ரயில் கார்டு விசில் கொடுத்துவிட்டார். எனக்கு நேரம் இருந்தது. நான் பார்த்தேன் மாப்ளே என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன் மாப்ளே" என்றேன்.

அவர் என் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். வண்டி நகர்ந்ததும் கையை விட்டுவிட்டு எழுந்து நின்று, ஜன்னலுக்குள்ளிருந்து என்னைக் கும்பிட்டார். பெட்டி வளைவில் திரும்பும்வரை கும்பிட்டுக்கொண்டே போனார்.